என்னைப் பற்றி இரண்டு கூட்டங்கள்

தையல் பாடத்தில்தான் அகப்பட்டேன். அகப்பட்டேன் என்றுதான் இன்றைக்கும் வாயில் வருகிறது, ஏதோ நான் களவெடுத்தது போல. அன்றைக்கு மனையியல் அறையில் சட்டை தைப்பதற்கு ஒருவருக்கொருவர் அளவெடுக்க வேண்டும். என் கூட்டாளி அளவு நாடாவை என் மேற்கையில் சுற்றி இறுக்கினாள். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். டீச்சர் வந்து என் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கிவிட்டு, கழுத்தளவு எடுப்பது எப்படி என்று பாடத்தைத் தொடர்ந்தார். மணி அடித்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

அப்போது உம்மா குவைத்தில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையிலிருந்து வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போன முதலாவது பெண் அவர்தான். வாப்பா கரைவலை இழுக்கிறவர். மாரி வந்தால் கடல் கொந்தளிக்கும், வலை போடமாட்டார்கள், வாப்பா வீட்டிலேயே இருப்பார். உம்மா போன பிறகு வந்த முதல் மாரியில் அடி தொடங்கியது. வலைக் கயிற்றின் முனையால் அடிப்பார். சோறு குழைந்ததற்கு அடித்தார், குழையாததற்கும் அடித்தார். பிறகு காரணம் தேடுகிற சிரமத்தையும் விட்டுவிட்டார்.

நான் அழுவதில்லை. அதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவரில் ஒரு கடைக்காரக் கலண்டர் தொங்கியது. அடி விழும்போது அதிலிருந்த எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்துக்கொண்டிருப்பேன். வாசித்து முடிவதற்குள் அவரும் முடித்துவிடுவார். பிறகு போய்ப் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பேன். எனக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

டீச்சர் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் பிள்ளையை வாப்பா அடிப்பது யாருக்கும் ஒரு செய்தியே இல்லை. ஆனால் அவர் கல்முனைக்குப் போய், சிறுவர்களின் பாதுகாப்பைப் பார்க்கிற நன்னடத்தை அலுவலகத்தில் இருந்த மிஸ்ஸைக் கண்டு கதைத்திருக்கிறார். அந்த மிஸ் பொலிசில் ஒரு சார்ஜன்ட்டைக் கேட்டிருக்கிறார். சார்ஜன்ட், பள்ளிவாசல் இல்லாமல் இந்த ஊரில் ஒன்றும் நடக்காது என்று எங்கள் குடியின் மரைக்காயரைப் போய்ப் பார்த்திருக்கிறார். எங்களுக்குக் குடி என்பது உம்மா வழியில் வருவது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் இருப்பார். நல்லது கெட்டதற்கு அவர்தான் முன்னுக்கு நிற்க வேண்டும். இப்படித்தான் நாலு இடத்தார் என் பொருட்டு ஒன்றாகக் கூடினார்கள். நன்னடத்தை என்ற பெயரைக் கேட்டதும் என் நடத்தையைத்தான் விசாரிக்க வருகிறார்கள் என்று நினைத்து, அன்று தலையை நன்றாக எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு போனேன்.

பாடசாலை விட்ட பிறகு மனையியல் அறையிலேயே கூட்டம் நடந்தது. ஊர்வாய்க்குப் பயந்து சார்ஜன்ட் சீருடை போடாமல் சைக்கிளில் வந்திருந்தார். அவர் பாண்டிருப்புத் தமிழர், அதிகம் கதைக்காத மனிதர். டீச்சர் தேநீரும் பிஸ்கட்டும் வைத்தார். என்னைத் தையல் மெஷினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். எனக்கும் ஒரு பிஸ்கட் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பதை மறந்துவிட்டார்கள்.

அவர்கள் நல்லவர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எவருடைய சம்பளத்துக்குள்ளும் நான் அடங்கவில்லை, ஆனாலும் வந்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கான அரச விடுதி ஒன்று மட்டக்களப்புப் பக்கம் இருக்கிறது, அங்கே அனுப்பலாம் என்றார் மிஸ். மரைக்காயருக்கு அது பிடிக்கவில்லை. நாளைக்குப் பெரிய பிள்ளையாகப் போகிறவள், அந்நியத்தில் வளர்ந்தால் யார் கலியாணம் முடிப்பான் என்றார். வாப்பாவைப் பிடித்து உள்ளே போடலாம், ஆனால் கோட்டில், நீதவான் முன்னால், பிள்ளையல்லவா வாய் திறக்க வேண்டும் என்றார் சார்ஜன்ட். சொந்தக்காரர் வீட்டில் விடலாம் என்றார் டீச்சர். உம்மாவின் அக்கா, எங்கள் பெரியும்மா, விதவை. மகள் வீட்டில் இருந்தார். அங்கே மருமகன் இருக்கிறான், குமராகப் போகிற பிள்ளையை எப்படி விடுவது என்று மரைக்காயர் அதையும் தட்டிவிட்டார். என்னைத் தூக்கி எங்கே வைப்பது என்று பெரிய அலுமாரியை வைக்க இடம் தேடுகிறவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சார்ஜன்ட் கோப்பையை மேசையில் வைத்தார்.

“மரைக்கார், வீடு ஆர்ர பேரில?”

“பொஞ்சாதிர பேரிலதான். சீதன வீடு.”

“எங்கட ஆக்களிலயும் அப்படித்தான். பொம்பிளைக்கு வீடு, ஆம்பிள வந்து இரிக்கிற. அப்ப நாம ஏன் புள்ளைய வெளியேத்தப் பாக்கிறம்?”

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தவுடனேயே அவளுக்கு வீடு கட்டுவதைப் பற்றித்தான் கதைப்பார்கள். மாப்பிள்ளை அதற்குள் வந்து குடியேறுவார். எழுந்ததும் படுத்ததும் அந்த முறைக்குள் என்பதால் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மரைக்காயரின் முகம் தெளிந்துவிட்டது. விடுதி வேண்டாம், கோடு வேண்டாம். வாப்பா வெளியே போவார், பெரியும்மா வந்து என்னோடு இருப்பார். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றார். வேலையையும் பிரித்துக்கொண்டார்கள். வாப்பாவோடு கதைப்பது மரைக்காயர். ஒழுங்கையில் அடிக்கடி சைக்கிளில் போய்வருவது சார்ஜன்ட். டீச்சர் பாடசாலையில் என்னைக் கவனிப்பார், மிஸ் வந்து வந்து பார்ப்பார். எனக்கு என்ன விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு என்னிடம் விருப்பம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

மரைக்காயர் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாமானை எல்லாம் எடுக்கச் சொன்னார். சட்டையொன்றை விட்டுப்போனால் அதைச் சாட்டாக வைத்து நாளைக்குத் திரும்பி வருவார் என்று அவருக்குப் பயம். வாப்பா சண்டை பிடிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சட்டைகளையும் சாரங்களையும் வலை பொத்துகிற ஊசியையும் ரேடியோவையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு, தன் ராத்தா வீட்டுக்கு, அதாவது என் மாமி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாவமாகவும் இல்லை, சந்தோசமாகவும் இல்லை. பெரியும்மா அடுப்பு மூட்டினார்.

அதற்குப் பிறகு அடி இல்லை. சார்ஜன்ட்டின் சைக்கிள் மணி பின்னேரத்தில் கேட்கும். மிஸ் வந்தால் பெரியும்மா கதிரை துடைத்துப் போடுவார். இப்படி ஒரு கூட்டு வேலை அந்த நாளில் வேறெங்கும் நடந்திருக்குமோ தெரியாது. இன்றைக்கு இதற்கெல்லாம் குழுக்களும் பயிற்சிகளும் இருக்கின்றனவாம். நல்லதுதான்.

ஒரே ஒரு வேலையைத்தான் அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. உம்மாவுக்கு யார் அறிவிப்பது? மிஸ் எழுதுவார், அவர் கவர்ன்மெண்ட் ஆள் என்று டீச்சர் இருந்துவிட்டார். குடும்ப விஷயம், குடியில் அறிவித்திருப்பார்கள் என்று மிஸ் இருந்துவிட்டார். குவைத் விலாசம் இங்கிலீசில் எழுத வேண்டியது, டீச்சர் எழுதியிருப்பார் என்று மரைக்காயர் நினைத்தார். சார்ஜன்ட்டுக்கு அது பொலிஸ் வேலையாகத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கவலை என்று என்னிடமும் எழுதச் சொல்லவில்லை.

மாமி சும்மா இருக்கவில்லை. அப்போது குவைத்துக்குக் கடிதத்தை விடக் கசட்தான் அதிகம் போகும். குரலைப் பதிந்து, போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். மாமி ஒரு பக்கம் முழுக்கப் பேசிக் கொடுத்துவிட்டார். உன் புருசனைச் சாமானோடு இறக்கிவிட்டார்கள் என்பதுதான் சேதி. எங்கள் ஊரில் ஆம்பிளை சாமானோடு பொஞ்சாதி வீட்டை விட்டு இறங்கினால் அதற்கு ஓர் அர்த்தம்தான். கலியாணம் முறிந்துவிட்டது. சாமானை விடாமல் எடுக்கச் சொன்ன மரைக்காயருக்கு இது தெரியாமல் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிற அவசரத்தில், பிள்ளைக்கு உம்மா ஒருத்தி இருப்பதும், அந்தக் கலியாணம் அவளுடையது என்பதும் நாலு பேருக்கும் மறந்துபோனது.

உம்மா ஒப்பந்தம் முடியுமுன்னே வந்துவிட்டார். வாடகை வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தவர் முதலில் பார்த்தது சட்டைகள் தொங்கிய வெறும் ஆணியை. பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். புதுச் சவர்க்கார வாசம். பெரியும்மா என் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். தழும்பெல்லாம் அதற்குள் மங்கிவிட்டது.

“ஆறிட்டுத்தானே” என்றார் உம்மா.

அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. அந்த வருசம் முழுவதிலும் எனக்கு உண்மையாக வலித்தது அப்போதுதான்.

வாப்பாவைத் திரும்ப எடுக்கப்போவதாக உம்மா சொன்னது அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதனால் இரண்டாவது கூட்டம் எங்கள் வீட்டு மண்டபத்திலேயே நடந்தது. அதே நாலு பேர். இந்த முறை தேநீர் ஊற்றியது நான். அவர் திரும்பி வந்தால் பிள்ளை இந்த வீட்டில் இருப்பது ஆபத்து என்று மிஸ் எடுத்துச் சொன்னார். உம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“இது என்ட வீடு. இதுக்குள்ள ஆர் இரிக்கிற, ஆர் போற எண்டு நான்தான் சொல்லோணும்.”

மரைக்காயர் தரையைப் பார்த்தார். எந்த நியாயத்தால் வாப்பாவை இறக்கினார்களோ, அதே நியாயத்தால்தான் உம்மா அவரை ஏற்றப்போகிறார். டீச்சர் மட்டும், பிள்ளையின் கையை நீங்கள் அன்றைக்குப் பார்க்கவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். குடும்பம் என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று உம்மா பூசி மெழுகினார். மிஸ் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

“மகள், நீங்க என்ன சொல்றீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் தேநீர்த் தட்டு இருந்தது. விடுதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். என்னை அங்கே அனுப்புங்கள் என்றேன். கடையில் உப்புக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

உம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கெஞ்சினார்.

“நாளைக்கு இந்த வீடு உனக்குத்தானே மகள். வாப்பா இல்லாத பொம்பிளப் புள்ளைய ஆரு கேட்டு வருவா? அந்தக் கயித்தால நானும் வாங்கினவதான். உனக்குத் தெரியாம வாங்கின. பொறுத்துக்கிட்டுத்தானே இருந்தன்.”

எனக்கு அது தெரியாது. உண்மையாகவே தெரியாது. மண்டபத்தில் நாலு பெரிய மனிதர்கள் இருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் சொல்லிவிட்டேன்.

“நீங்க பொறுத்துக்கிட்டு இரிக்கல்ல உம்மா. குவைத்துக்குப் போனீங்க.”

மிஸ் பேனையை மூடினார். வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். உம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிப்பதற்குக் கை ஓங்குவார் என்று நான் கலண்டரைத் தேடினேன். அவர் கை ஓங்கவில்லை. தலையிலிருந்து நழுவிய முந்தானையைச் சரிசெய்துகொண்டு அறைக்குள் போனார். பெட்டியொன்றைத் திறந்து சாமான்களைப் பாயில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

நான் உள்ளே போனபோது, குவைத்திலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டிக்குள் என் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தி, மடித்துக் கொடுத்தேன். இருவரும் அழவில்லை. கடைசியில் மூடியை அமத்திப் பூட்டினார். பூட்டு இறுக்கம், பெருவிரலை இப்படி வைத்து அமத்தினால்தான் திறக்கும் என்று சொல்லி, என் விரலைப் பிடித்து இரண்டு தரம் காட்டித் தந்தார்.