அன்னதான அடுப்புக்கு எத்தன மார்க்?

ஆன்லைன் யுனிவர்சிட்டி பாடத்துக்குக் கேள்வி தயாரிக்கறது என் வேல. இதே வேலையில மாட்டிக்கிட்ட உங்களுக்குத் தெரியும், கேள்விய போட்டதும் மாணவங்களவிட நாமதான் அதிகமா முழிப்போம். இங்க மலேசியாவுல, ஈப்போ ஆபீஸ்ல ஒரு பாட வீடியோ ஏறிக்கிட்டிருக்கு, முடியறதுக்குள்ள தட்டிடறேன்!

பத்து நிமிஷத்துல நூறு மார்க்

வேலையிடப் பாதுகாப்புப் பாடம். மொத செமஸ்டர்ல நாலுல ஒண்ணு தேர்ந்தெடுக்கற கேள்விதான் வெச்சேன். பத்தே நிமிஷத்துல எல்லாருக்கும் முழு மார்க்! வாட்ஸப் குரூப்புல விடை பறந்திருக்கு. சுங்காய் பக்கம் செம்பனை ஆலையில வேல செஞ்சுக்கிட்டே நம்மகிட்ட படிக்கற குமார் அண்ணன்கிட்ட கேட்டேன். ஆளு அசரவே இல்ல: "காப்பி இல்ல தம்பி, கோத்தோங் ரோயோங் லா, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாச."

கோயில்ல யாரு பாஸ்?

அடுத்த தடவ காப்பியே அடிக்க முடியாத கேள்வி போட்டேன் பாருங்க! உங்க வேலையிடத்த நீங்களே வரைங்க, ஆபத்து எங்கெங்க இருக்குன்னு குறிங்க, மேலதிகாரிகிட்ட கையெழுத்து வாங்குங்க. எனக்கே என் மேல பெரும.

அப்பதான் புந்தோங்லருந்து இதே பாடம் படிக்கற மலர் அக்கா போன் பண்ணாங்க. ஃபேக்டரி மூடினதுல அக்காவுக்கு வேல போயிருச்சு, வரையறதுக்கு வேலையிடமே இல்ல. இதுதான் கடைசி பாடம். பாஸாயிட்டா ஒரு கம்பெனியில பாதுகாப்பு உதவியாளர் வேல ரெடி. வெள்ளிக்கெழம அன்னதானத்துக்கு காய் நறுக்கற கோயில் சமையக்கட்ட வரையலாமான்னாங்க. தாராளமா வரைங்கக்கான்னேன். ரெண்டு நிமிஷத்துல மறுபடி போன்: "தம்பி, மேலதிகாரின்னா யாரு? தலைவரா, சாமியா?"

சைபர்

படம் பிரமாதம்! அடுப்ப ஒட்டி மூணு காஸ் தோங் (சிலிண்டர்தான்), ஈரத் தர, ஒரே வாசல், எல்லாத்தையும் செவப்புல குறிச்சிருந்தாங்க. கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி. எனக்கெதுக்கு வம்புன்னு கோயில் தலைவர் ஒதுங்கிட்டாராம்.

கையெழுத்து இல்லன்னு என் மேலதிகாரி மேடம் சைபர் போடச் சொன்னாங்க. அந்த அக்காவுக்குக் கெடைக்கப்போற வேலையே போயிரும் மேடம்னு கெஞ்சினேன். அவங்க கண்ணாடிய கழட்டி வெச்சுட்டு சொன்னாங்க: "விதி நீ எழுதினதுதானே? இந்தப் படத்தால ஏதாவது மாறியிருந்தா ஆதாரம் கொண்டா, பாக்கலாம்."

ஆதாரம் அடுப்படியில

வெள்ளிக்கெழம கோயிலுக்கு ஓடினேன். மலர் அக்கா கத்தரிக்கா நறுக்கிக்கிட்டிருந்தாங்க. சமையக்காரர் முனியாண்டி அண்ணன்தான் என்ன பாத்ததும் பொரிஞ்சாரு. பதிவு பண்ணிக்கவான்னேன். "நல்லா பண்ணு! இவங்க படத்த பாத்துட்டு தலைவர் தோங்கெல்லாம் வெளிய தூக்கி வெச்சுட்டாரு. நான் ஒவ்வொரு தடவையும் வெளிய போய் காஸ மூடணும். எவன்கிட்டப்பா புகார் குடுக்கறது?"

மேடம் அத ரெண்டு தடவ கேட்டாங்க, சிரிச்சாங்க. "புகார் வந்துருச்சுல்ல, அப்ப வேல நடந்திருக்கு. மார்க் போடு."

எழுபத்தெட்டு போட்டேன். அக்காவுக்கு போன் பண்ணி, எழுபத்தெட்டு, பாஸ், வேலைக்குக் கெளம்புங்கன்னு கத்தினேன். அக்கா கேட்டாங்க: "மீதி இருபத்திரெண்டு எங்க தம்பி?"

பரீட்ச எழுதறவங்க பாஸாயிட்டுப் போயிடறாங்க, கேள்வி போடற நாமதான் செமஸ்டருக்கு செமஸ்டர் திரும்ப உக்காந்து எழுதறோம்.