அண்ணியின் சோதனைத் தாள்

எங்கள் வீட்டில் பேருந்து ஓட்டுகிறவள் அண்ணி. அண்ணனுக்கு சைக்கிள் மிதித்தாலே மூச்சு வாங்கும். எழுபது பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற அந்தக் குறுகலான திருப்பத்தில் அண்ணி வண்டியை வளைப்பதைப் பார்த்தால் யாருக்கும் பெருமையாக இருக்கும். எனக்கு இருந்ததில்லை. நான் நாத்தனார். அவளிடம் குற்றம் கண்டுபிடிப்பது என் முழுநேர வேலை. மீதி நேரத்தில் அவள் வேலை பார்க்கும் அதே டிப்போவில் எழுத்தராக இருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் படுத்தாள். காய்ச்சல் இல்லை, எங்கும் அடிபடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தாள். குளிப்பதில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. தலைமுடி சிக்குப் பிடித்துப் போயிற்று. அண்ணன் தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்துவிட்டுப் போவான். நான் கதவோரம் நின்று, "உடம்பு நல்லாத்தானே இருக்கு? எழுந்து நாலு பாத்திரம் கழுவினா எல்லாம் சரியாப் போயிடும்" என்பேன். ஒரு நாள் இல்லை, பல நாள் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போல இருக்கிறது.

அண்ணன்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். மனச்சோர்வு, இதுவும் ஒரு நோய், மருந்து உண்டு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு முறை வந்து பேசச் சொன்னார். ஐந்து மாதம் கழித்து அண்ணி எழுந்து நடமாடினாள். வேலைக்குத் திரும்பும்போது விடுப்புப் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். அந்த இடத்தில் 'முதுகுவலி' என்று எழுதியது நான்தான்.

"மனசு சரியில்லைன்னு எழுதினா ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டாங்க அண்ணி" என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

எங்கள் டிப்போவில் ஒரு நடைமுறை உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் அதை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். டயர், பிரேக், விளக்கு, கண்ணாடி, வைப்பர் என்று பன்னிரண்டு விஷயங்களைப் பார்த்து ஒரு மஞ்சள் தாளில் குறிக்க வேண்டும். கடைசி வரியில் 'ஓட்டலாம்' அல்லது 'ஓட்டக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாள் என் ஜன்னலுக்கு வரும். நான் முத்திரை குத்திவிட்டுச் சாவியைக் கொடுப்பேன். தாள் இல்லையென்றால் சாவி இல்லை. அப்பாவாகவே இருந்தாலும் இல்லை.

அண்ணி அந்த மஞ்சள் தாள் கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அது எனக்குத் தெரியாது. ஒரு மழைக்கால செவ்வாய்க்கிழமை, அவசரத்தில், பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். நான் வழக்கம் போல் படிக்காமலேயே முத்திரை குத்தினேன். வண்டி போய்விட்டது. பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். அந்த மனிதர் தினமும் எல்லாத் தாளையும் உண்மையிலேயே படிக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது எந்த வண்டிம்மா?" என்று தாளை என் பக்கம் திருப்பினார்.

டயர் என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு 'தூக்கம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில்: ஆறு மணி நேரம். பிரேக்கை அடித்துவிட்டு 'அழுகை': நேற்று ஒரு முறை, சீக்கிரம் நின்றது. எண்ணெய்க்குப் பதில் 'மாத்திரை': போட்டாயிற்று, மயக்கம் இல்லை. கண்ணாடிக்குப் பதில் 'குளியல்': ஆயிற்று. இன்ஜின் சத்தத்தை அடித்துவிட்டு 'நாத்தனார் சத்தம்': தாங்கலாம். கடைசி வரியில் 'ஓட்டலாம்', கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் என் முத்திரை, கச்சிதமாக.

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஏதோ விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க சார் என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அண்ணி முதல் நடையை முடித்துவிட்டு வந்து சேர்ந்தாள். மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். வண்டித் தாள் அவள் பையிலேயே இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது என்னோடதுதான் சார். முதுகுவலின்னு சொன்னது பொய். எனக்கு மனச்சோர்வு. மூணு வருஷமா மருந்து சாப்பிடறேன்."

பொய்யை யார் எழுதியது என்று அவள் சொல்லவில்லை. நேற்று வரை நான் பேசிய பேச்சுக்கு, என்னைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கலாம்.

"அதை எழுதினது நான் சார்" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம் அர்ச்சனை நடந்தது. விசாரணை முடியும் வரை அண்ணி வண்டியைத் தொடக் கூடாது, டாக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று உத்தரவு. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

மூன்று வாரம், பயணிகள் தொலைத்த பொருட்களுக்கான கவுண்ட்டரில் அண்ணி உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிக் குடையும் பல்செட்டும். "ஸ்டியரிங்கைப் பிடிச்சா நான் ஒரு ஆளுன்னு இருக்கும். அதுவும் போச்சுன்னா மறுபடி படுத்துருவேனோன்னு பயமா இருக்குடி" என்றாள் ஒரு நாள் மதியம். ஆனாலும் காலையில் சமையலறை மேடையில் தன் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுதுவதை அவள் நிறுத்தவில்லை.

"வண்டியே இல்லையே, இன்னும் எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"வண்டி ஷெட்டுல நின்னாலும் பேட்டரியைப் பார்க்கணும்ல?" என்றாள்.

பழைய தாள்கள் எங்கே என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தாள். இரண்டு வருடத்துக்கு மேலான காலைகள் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து பிரித்துப் படித்தோம். பத்தொன்பது தாள்களில் 'ஓட்டக் கூடாது' என்று இருந்தது. மறுநாள் டிப்போவில் விடுப்புப் பதிவேட்டை எடுத்து ஒத்துப் பார்த்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் அண்ணி விடுப்பு எடுத்திருந்தாள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அதில் நாலைந்து நாள், விருந்தாளி வருகிற சமயம் பார்த்து லீவு போட்டுப் படுத்துக்கொள்கிறாள் என்று நான் வாய்க்கு வந்தபடி பேசிய நாட்கள். பதிவேட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

விசாரணை அன்று பெட்டியை மேலாளர் மேசையில் வைத்தேன். டாக்டரின் கடிதமும் இருந்தது, ஓட்டத் தடையில்லை என்று. மேலாளர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். 'நாத்தனார் சத்தம்: தாங்கவில்லை' என்ற இடங்களில் மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கடைசியில் அண்ணியிடம் கேட்டார்.

"நாளைக்குக் காலையில வண்டி எடுக்க முடியுமா?"

முடியும் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வாரமாக அவள் காத்திருந்ததே இந்தக் கேள்விக்குத்தான்.

"அதை இப்ப சொல்ல முடியாது சார்" என்றாள் அண்ணி. "நாளைக்குக் காலையில பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் அசையவில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கறேன். எல்லாரும் முடியும் சார்னுதான் சொல்லுவாங்க. அதுல எத்தனை பேர் ராத்திரி முழுக்கத் தூங்காம வந்து சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அவங்க தாளைப் பாருங்க. ஓட்டலாம்னு இருந்தா சாவியைக் குடுங்க. இந்தத் தடவையாவது படிச்சுட்டு முத்திரை குத்துங்க."

மறுநாள் காலை நான் அண்ணியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஜன்னலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் 'மலை' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆறடி ஓட்டுநர் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஒரு மஞ்சள் கட்டு கூடுதலாக் கிடைக்குமாம்மா? வீட்டுக்கு" என்றார். எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணி வந்தாள். தலையைப் பின்னிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, நிதானமாகப் பன்னிரண்டு வரியும் நிரப்பி, வீட்டில் எழுதிய தன் தாளோடு சேர்த்து நீட்டினாள். இரண்டையும் வரி வரியாகப் படித்தேன். இரண்டிலும் கடைசி வரி 'ஓட்டலாம்' என்று இருந்தது; முத்திரை குத்திச் சாவியைக் கொடுத்தேன்.

டிப்போவுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது. அடித்தால் வண்டி எண்ணை எழுத்தர் குறித்து வைக்க வேண்டும் என்பது விதி. வாசலைத் தாண்டுவதற்குள் அண்ணி மூன்று முறை அடித்தாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "இன்னொரு தடவை அடிங்க அண்ணி!" என்று கத்தினேன்.

அடித்தாள்.