அவர் அடுப்பில் காய்ச்சிய பால்

1. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் உள்ள வீடொன்றை அண்ணாவும் நானும் வாங்கினோம். இரண்டிலும் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள்.

2. வாங்குபவர் அங்கேயே குடியிருந்தால் குறைந்த முற்பணத்துக்கு வங்கி கடன் தரும். நான் குடியிருப்பேன் என்று கையெழுத்து வைத்தேன்.

3. ஆகவே ஒரு குடித்தனம் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். மேல்வீட்டு வெள்ளைக்காரர், எழும்பச் சொன்னால் லோயரிடம் போவேன் என்றார்.

4. கீழ்வீட்டில் மட்டக்களப்புப் பெண் ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். "அது எங்கட சனம், சண்டைக்கு வராது" என்றார் அண்ணா. வீட்டை விடச் சொல்லும் கடிதம் அவருக்குப் போனது.

அவர் ஜூலை முடிவில் போவதாக இருந்தது. சாத்திரியார் தந்த நல்ல நாளோ அதற்கு முன்பே வந்தது. "ஆடி பிறக்க முதல் பால் காய்ச்சோணும்" என்று அண்ணா பிடிவாதமாக நின்றார். அதனால் இன்னும் வெளிக்கிடாத பெண்ணின் குசினிக்குள் சாமிப் படத்தோடும் புதுச் சட்டியோடும் நுழைந்தோம்.

"அடுப்பை நல்லாத் தேய்ச்சி வச்சிருக்கன், தங்கச்சி. மீன் மணம் வராது" என்றார் அவர். பாதி வெந்த சோற்றுப் பானை நிலத்தில் இருந்தது. பிள்ளைகள் அறை வாசலில் நின்று பார்த்தார்கள்.

பால் பொங்கி வழிந்து மின்னடுப்பின் சுருளில் கருகியது. "பாத்தியே, என்ன மாதிரிப் பொங்குது!" என்று அண்ணா சிரித்தார். அந்தப் பெண் துணியோடு ஓடிவந்து துடைத்தார்.

துடைத்தபடியே கேட்டார்: "மேல் வீட்டை எடுக்க ஏலாதா? பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிக்கூடம்தான் பழக்கம்."

"பாங்கின்ர சட்டம் அக்கா, நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் அண்ணா.

மின்சார வரைபடங்களில் பிழை தேடுவதுதான் என் வேலை. அந்தக் கடன் பத்திரத்தையும் மூன்று தரம் வாசித்திருந்தேன். வீட்டில் குடியிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எந்த மாடியில் என்று இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணா நீட்டிய தம்ளரை வாங்கி, சீனி போட்ட பாலைக் குடித்தேன். அண்ணா அந்தப் பெண்ணுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். அவர் அதை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்.

சொன்ன நாளுக்கு ஒரு கிழமை முந்தியே அவர் போய்விட்டார்.

அதன் பிறகு கீழ்வீட்டில் நான் இருந்தேன். மேல்வீட்டில் அதே மனிதர் இருந்தார். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.