கூரையைப் பார்த்து மணியடித்தவர்

அரிமளம் பக்கத்தில் ஒரு கூரைப் பள்ளிக்கூடம். நான் அங்கே வாத்தியார், அவர் பியூன். ஒல்லியான மனிதர், காதோரம் பழைய தீக்காயம். தினமும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மணியைத் தொடுவார்.

ஒருநாள் காலை வகுப்பு நடக்கும்போதே கூரை பற்றிக்கொண்டது. கேட்காமல் எழுந்தால் அடி என்று நான் பழக்கிய பிள்ளைகள் கைகட்டியபடி என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குக் குரல் எழவில்லை. திடீரென்று, பள்ளி விடும் லாங் பெல் அடித்தது. அத்தனை பேரும் வெளியே பாய்ந்தார்கள்.

“நெருப்புன்னு கத்தியிருக்கலாமே?” என்றேன் அவரிடம்.

“கத்துனா ஒங்க மொகத்தத்தான் பாக்கும் சார் புள்ளைங்க. இந்த மணிக்குத்தான் ஒங்களக் கேக்காம எந்திரிக்கும்.”

மறுநாள் மரத்தடியில் வகுப்பு. பிரம்பை எடுத்தேன், பிள்ளைகள் கைகட்டிக்கொண்டார்கள். மணியருகே நின்றவர், கூரையைப் பார்க்கும் அதே பார்வையில் என்னைப் பார்த்தார்.