சம்பளத்துக்குக் கரையான் வளர்த்தவள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜெயப்பிரகாஷ் தோல் வெட்டினார். அவர் மனைவி சம்பூர்ணம் வேலூருக்கு ரயிலேறிப் போய், ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கரையான் வளர்த்தாள். அதற்குச் சம்பளமும் உண்டு என்பதைத் தெருவில் யாருமே நம்பவில்லை.

கரையான் வளர்ப்பது லேசான வேலை இல்லை. மே மாதம் ஆய்வகத்து ஏசி பழுதானது. காய்ந்த மண் டப்பாவில் இருந்தவை ஒரே நாளில் சுருண்டு செத்தன. அதே சூட்டில், அவள் தண்ணீர் தெளித்து மூடிவைத்த டப்பாவில் இருந்தவை பிழைத்துக்கொண்டன.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், கணவர் கரையான் அரித்த வாசற்காலுக்கு மூன்றாவது தடவையாக மருந்து அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் நடந்ததை அவள் சொன்னாள்.

"இன்னா சம்பூர்ணம், அங்க பொசுக்குன்னு சாவுது. இங்க மருந்து அடிச்சாலும் ஜாஸ்தியாவுதே?"

அவள் பக்கத்துச் சுவரைத் தொட்டாள். அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது.

"நான் சம்பளம் வாங்கிக்கினு தண்ணி தெளிக்கிறேன். நீங்க ஓசியிலயே தெளிக்கிறீங்க!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே குழாயை மாற்றினார். சில வாரங்களில் சுவர் காய்ந்தது, கரையான் கட்டிய மண்கோடுகள் தாமாக உதிர்ந்தன. அரித்துப்போன கட்டையை ஆசாரி வந்து மாற்றினார்.

அதன்பின் கம்பெனியில் யார் வீட்டில் கரையான் என்றாலும், "முதல்ல குழாயைப் பாரு" என்று ஜெயப்பிரகாஷ் முந்திக்கொண்டு சொன்னார். கரையான் டாக்டர் என்ற பட்டமும் அவருக்கே கிடைத்தது.