குன்றின் மேல் எனக்காகச் சொன்ன பொய்

அலுவலகத்தில் எல்லோருமாகச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிறு குன்றுக்குப் போனோம். வேன் டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, காவியேறிய பல். விடியற்காலையில், அனல்மின் நிலையத்தை ஒட்டிய காத்திவாக்கத்தில், எங்கள் தெருமுனையில் என்னை முதல் ஆளாக ஏற்றிக்கொண்டவர் அவர்தான். அலுவலகத்தில் நான் வீடு அண்ணா நகரில் என்று சொல்லிவைத்திருந்தேன்.

உசிலை மரங்களுக்கு நடுவே ஏறினோம். செருப்பைக் கையில் பிடித்தபடி அவரும் கூட வந்தார். உச்சியில் உட்காருமுன் பாறையை ஒரு விரலால் தேய்த்து, அந்த விரலைப் பார்த்தார். அதே நேரம் நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் அப்படி என்ன பாக்குறீங்க?" என்று எங்கள் டீம் லீடர் மேடம் சிரித்தார்.

"எங்க ஏரியால சாம்பல் கொட்டிகினே கீதும்மா. தொட்டுப் பாத்துட்டுதான் குந்துவோம்," என்றார் டிரைவர்.

"அண்ணா நகர்லயுமா?" மேடம் என்னைப் பார்த்தார்.

டிரைவர் முந்திக்கொண்டார். "சாரு என்னப் பாத்து செஞ்சாரும்மா."

இறங்கும்போது அவர் பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கோண்ணா," என்றேன்.

"அட, வுடு நைனா. எம் பொண்ணும் காலேஜ்ல ஊர மாத்திதான் சொல்லிகினு கீறா. அதான் அந்தக் காலேஜ் தெருப்பக்கமே நான் வண்டிய எடுத்துகினு போறதில்ல."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் ஒரு முள்கிளையை விலக்கிப் பிடித்து எனக்கு வழிவிட்டார். பின்னால் மேடம் வந்துகொண்டிருந்தார். நின்று உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் குனிந்து, கிளைக்கு அடியில் புகுந்து நடந்தேன்.