மஞ்சள் ரோஜா நிறம் மாறிய ஆடி மாதம்

வெட்டுப்பட்ட ரோஜாத் தண்டுக்கு ஒரு வாடை உண்டு; பூவின் வாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, பச்சை மாங்காயை நறுக்கினாற்போல மூக்கில் ஏறும். சங்கரன்கோவிலில், கழுகுமலை ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டு முற்றத்தில், சின்னப் பிள்ளையாக நான் அதை முதன்முதலில் முகர்ந்தபோது அப்பா அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா ஆசையாக வளர்த்த மஞ்சள் ரோஜா தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அது "ஒட்டு ரோஜா". சிவகிரியில் எலுமிச்சை வியாபாரம் பார்த்த மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. கரிசல் மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் ரோஜா பிழைப்பதே பெரும்பாடு. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு அம்மா அதைப் பூக்க வைத்தபோது, உள்ளங்கை அகலத்தில் நல்ல மஞ்சளில் ஒரே ஒரு பூவைப் பார்க்கத் தெருவே வந்தது. அம்மா அதைப் பறித்துத் தலையில்கூட வைக்கவில்லை.

அப்பா கேரளாவுக்கு லோடு ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். "நல்ல மனுஷன், கோவந்தான் கொஞ்சம்" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். என்ன கொஞ்சம்? குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும், தட்டுக்குப் பின்னாலேயே கையும் வரும். பூசி மெழுகுகிற பேச்சு எனக்கு ஆகாது. எங்கள் அப்பா எங்கள் அம்மாவை அடித்தார்.

ஒரு காதுகுத்து வீட்டில் அம்மாவின் கன்னத்தில் இருந்த தடிப்பைப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் சட்டையை மாமா பிடித்துவிட்டார். "இங்க பாரும் வே, எந்தங்கச்சி மேல இனி கைய வச்சீருன்னா நடக்கதே வேற" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்துதான் பேசினார். "ஏட்டி, அவன் இனி இந்த வாசப்படிய மிதிச்சாம்னா அவன் கை இருக்காது. நீ அங்கன போனா உங்காலு இருக்காது." மாமா கையில் சிக்கவில்லை, அவர் கொடுத்த செடி சிக்கியது, அதை மண்ணோடு ஒட்டிய கட்டை மட்டும் மிஞ்சும்படி வெட்டிப் போட்டார்.

அப்பா லோடு ஏற்றிப் போன நாட்களில் அம்மா அந்தக் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நாள் அதன் அடியிலிருந்து சிவப்பாக ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. "பொழச்சிட்டு மக்கா!" என்று அவள் என்னைத் தூக்கிச் சுற்றியது நினைவிருக்கிறது. முன்னைவிட வேகமாக, முன்னைவிட முள்ளாக வளர்ந்த அந்தச் செடி, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் திமிலோகப்பட்ட சமயத்தில் மொட்டு விட்டது. பூத்தது மஞ்சளாக இல்லை. வெளிறிய ரோஸ் கலரில், கொத்துக் கொத்தாக, ஒரு ரூபாய்க் காசு அளவில் பூத்திருந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மை வந்து பார்த்து, "தீட்டோட தொட்டிருப்பட்டி, அதான் நெறம் மாறிட்டு" என்றாள். அப்பாவுக்கு வேறு காரணம் தோன்றியது. "உங்கண்ணன் வந்துட்டுப் போயிருக்கான். நான் இல்லாத நேரம் பாத்துப் புதுச்செடி வச்சிருக்கான். என்னைய என்ன கிறுக்கன்னு நெனைச்சிட்டியோ?" மாமா காதுகுத்துக்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அந்தக் கட்டைதான் துளிர்த்தது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ஆனால் வீட்டு முற்றத்தில் ரோஸ் கலர்ப் பூ நிற்கிறதே, அதற்கு அவளால் என்ன சொல்ல முடியும்?

"அதே மஞ்சச் செடிதாம்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று அப்பா என்னை இழுத்து அவள் முன்னால் நிறுத்தினார். எங்கள் ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பொய்யானால் பிள்ளை போய்விடும் என்று அவ்வளவு நம்பிக்கை. அம்மாவின் கை என் தலைக்கு மேலே வரை வந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "பூ எப்படி மாறுச்சின்னு எனக்குத் தெரியாது. தெரியாத காரியத்துக்கு எம்பிள்ளையப் பணயம் வைக்க மாட்டேன்."

போச்சு! அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. இடுப்பு பெல்ட்டை உருவி, பெரியம்மையின் கண் முன்னால் அம்மாவை வாசலில் தள்ளி அடித்தார். நான் அவர் கையைக் கடித்தேன்; உதறிய வேகத்தில் ஆட்டுரலில் போய் மோதி, கண்ணில் ரத்தம் இறங்கி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் பைக் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. அரிவாளைக் காணோம். அம்மா கிழிந்த சேலையோடு எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள், மாமா வீட்டில் போன் எடுப்பாரில்லை. சிவகிரி எலுமிச்சைக் கமிஷன் கடை வாசலில், மூட்டை தைத்துக்கொண்டிருந்த மாமாவின் வலது தோளில் முதல் வெட்டு விழுந்தது. தடுக்கப்போன கையில் அடுத்தது.

மாமா பிழைத்தார், வலது கைதான் மடங்காமல் போனது. அப்பா ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்து கூப்பிட்டபோது அம்மா போகவில்லை. சிவகிரியில் மாமா வீட்டிலேயே என்னை வளர்த்து ஆளாக்கினாள். மாமா கடைசிவரை இடது கையால்தான் சாப்பிட்டார். ஒரு நாளும் அம்மாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் என் வீட்டு வெள்ளை ரோஜாவை ஒரு ஆடு அடியோடு மேய்ந்துவிட்டுப் போனது. மறுபடி துளிர்த்து ரோஸ் கலரில் கொத்தாகப் பூத்தபோது ஒரு கொத்தை ஒடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். செடி வாங்கிய இடத்தில் கேட்டதும் விளக்கினார்கள். வெயிலுக்கு வெளிறுகிற பூ உண்டு, மண்ணுக்குத் தக்கபடி மாறுகிற பூ உண்டு. ஆனால் ஒட்டு ரோஜா என்பது இரண்டு செடி. அடியில் வேருக்காக ஒரு முரட்டுக் காட்டு ரோஜா, அதன்மேல் ஒட்டிய நல்ல ரோஜா. ஒட்டுக்குக் கீழே வெட்டுப்பட்டால் நல்லது செத்துப்போகும், அடியில் கிடந்தது எழுந்து தன் பூவைப் பூக்கும். மாமா வரவில்லை, யாரும் புதுச்செடி வைக்கவில்லை. மஞ்சளை ரோஸாக்கியது அப்பாவின் அரிவாள்தான்.

மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. முற்றம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. இதைச் சொல்வதற்கு எனக்கு மிச்சம் அம்மா ஒருத்திதான். அன்றைக்கே பஸ் ஏறிப் போய், அந்தக் கட்டைதான் துளிர்த்தது என்று நீ சொன்னது இத்தனை வருஷம் கழித்து நிஜமாகிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். இது மட்டும் அப்போதே தெரிந்திருந்தால், என்று நான் அழ ஆரம்பித்ததும் அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மஞ்சளாப் பூத்திருந்தாலும் அடிச்சிருப்பாரு மக்கா."